ஓவன் மேல் விழுந்த பழி

எங்கள் வீட்டில் கரண்ட் போனால் என் கணவர் முதலில் ஜன்னலைத் திறந்து அடுத்த வீட்டைப் பார்ப்பார். அங்கேயும் இருட்டாக இருந்தால் நிம்மதியாகக் கதிரையில் சாய்ந்துகொள்வார். அங்கே வெளிச்சம் இருந்தால் திரும்பி என்னைப் பார்ப்பார். சுவிட்ச் பெட்டியைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். எங்கள் வீட்டில் மட்டும் ட்ரிப் சுவிட்ச் தானாக விழுந்து கரண்டை நிறுத்தினால் அதற்கு நான்தான் காரணம் என்று, ஓவன் வீட்டுக்கு வந்த மாதமே தீர்ப்பாகிவிட்டது.

அந்த ஓவனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் பல வருடங்கள் நின்றபடியே வேலை செய்தேன். ஒரு கட்டத்தில் முழங்கால் இரண்டும் இனி முடியாது என்று சொல்லிவிட்டன. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தபோது, கையில் விழுந்த சீட்டுப் பணத்தில் வாங்கியது அது. பட்டர் கேக், லவ் கேக், பிறந்தநாளுக்கு ரிப்பன் கேக் என்று சுடத் தொடங்கினேன். கட்டுகஸ்தோட்டை வீதியிலிருந்து மேலே ஏறும் எங்கள் ஒழுங்கையில் அதுவரை நான் மாநகர சபைக் கிளாக்கர் ஐயாவின் மனைவி. கேக் சுடத் தொடங்கிய பிறகு கேக் அக்கா. என் கணவரையே யாரோ ‘கேக் அக்கா வீட்டு ஐயா’ என்று அடையாளம் சொன்னார்களாம். அதை என்னிடம் வந்து முறையிட்டார். எனக்கு அன்றைக்கு முழுதும் சிரிப்பு. அப்படியொரு சந்தோஷத்தைப் புடவைக் கடை எனக்கு ஒரு நாளும் தந்ததில்லை. அதனால் அந்த ஓவனை யாராவது குறை சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும்.

ஓவன் வந்த அதே வாரத்தில்தான் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். மேசை, செட்டி, டீவி எல்லாவற்றையும் இடம் மாற்றிப் போட்டோம். தெருவில் போன யாரோ ‘வீடு புதுசு மாதிரி இருக்கே’ என்று சொல்லிவிட்டுப் போக, அன்றைக்கே கணவருக்கு வயிற்றைக் கலக்கியது. கண்பட்டுவிட்டது என்று முடிவெடுத்துவிட்டார். டவுனில் அவர் வெளுத்து வாங்கிய கொத்து ரொட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வேலை முடிந்து வந்து, குளித்து, சாமித் தட்டில் விளக்கேற்றி, சாம்பிராணி காட்டி, செம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, மாவிலையால் வீடெங்கும் தெளிக்க ஆரம்பித்தார். கோயிலில் குருக்கள் தெளித்தால் தலையில் நாலு துளி விழும். இவர் தெளித்தால் குடை தேவைப்படும். மூலைகளுக்கு மட்டும் தனிக் கவனிப்பு. மூதேவி மூலையில்தான் உட்காருவாளாம். வாரத்தில் ஒரு நாளாவது மனிதர் வீட்டைத் துப்புரவு செய்கிறாரே என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

கேக் சுடுவதும் வெள்ளிக்கிழமைதான். இப்போது எல்லோரும் பிறந்தநாளைச் சனி ஞாயிறுக்குத் தள்ளிவைத்துக் கொண்டாடுகிறார்கள். அதனால் வெள்ளி பின்னேரம் நான் குசினியில் ஓவனோடு நிற்பேன், அவர் ஹோலில் சாமியோடு நிற்பார். திடீரென்று ‘டக்’ என்று சத்தம் கேட்கும். வீடு இருண்டுவிடும்.

“உன் ஓவன்!” என்று ஹோலிலிருந்து குரல் வரும். சாமிக்கு முன்னால் கோபப்படக் கூடாது என்பதால் மெதுவாகத்தான் சொல்வார், ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு. போய் சுவிட்சைத் தூக்குவார். விழும். மறுபடியும் தூக்குவார். மறுபடியும் விழும். ஓவனின் பிளக்கைக் கழற்றச் சொல்வார். கழற்றுவேன். அப்படியும் விழும். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்த் தூக்கினால் விழாமல் நின்றுவிடும். “பாத்தியா? பிளக்கக் கழட்டுன பொறகுதானே நிக்கிது!” என்பார். நான் என்னத்தைப் பார்ப்பது? உள்ளே பாதி வெந்த கேக் நடுவில் குழி விழுந்து கிடக்கும்.

குழி விழுந்த கேக்கை ஓர்டர் கொடுத்தவர்களுக்குக் கொடுக்க முடியாது. விடிய எழும்பி வேறு சுடுவேன். குழி விழுந்ததைக் கணவர் திங்கட்கிழமை ஒபிசுக்குக் கொண்டுபோவார். அங்கே அவர்களுக்கு அந்த நடுப்பகுதிதான் மிகவும் பிடித்துவிட்டதாம், ஈரமாகப் புடிங் மாதிரி இருக்கிறதாம். கேக் வராத திங்கட்கிழமைகளில் “என்ன, கரண்ட் போகலையா?” என்று கவலையோடு விசாரிக்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். ஓவனைக் குற்றம் சொல்வதும் அவர்தான், அந்தக் குற்றத்தை டிபன் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போவதும் அவர்தான்.

மடவளையிலிருந்து வயரிங் வேலை செய்யும் ஒரு முஸ்லிம் நானாவைக் கூப்பிட்டோம். கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர். ஆனால் வெள்ளிக்கிழமை அவருக்கு ஜும்ஆ. தொழுகை முடிந்தால் வீட்டில் பெரிய சாப்பாடு. அதற்குப் பிறகு அவர் ஆயுதப் பையைத் தொடமாட்டார். சனிக்கிழமை காலையில்தான் வருவார். சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டு வயரிங்கைப் போல ஒழுக்கமான வயரிங் கண்டியிலேயே கிடையாது. லைட்டைப் போடுவார், ஃபேனைப் போடுவார், ஓவனை முழு வேகத்தில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். ஒன்றும் விழாது. பெட்டியில் சோதித்துப் பார்ப்பதற்கென்று இருக்கிற சின்னப் பட்டனை அமத்தினால் மட்டும் ஒழுங்காக விழும்.

“சுவிட்ச் நல்லா ஈக்கிது தங்கச்சி,” என்றார் நானா. “எங்கயோ கரண்ட் கசியிது. தண்ணி கிண்ணி பட்டாலும் விழும், ஓவன்ட எலமென்ட் பழுதானாலும் விழும்.”

“தண்ணி எங்க நானா படப் போகுது? கூரகூட ஒழுகல,” என்றார் கணவர். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். போன வருடம்தான் கூரைத் தகடு மாற்றியிருந்தோம்.

“அப்ப ஒங்கட ஓவன்லதான் எனக்குச் சந்தேகம்,” என்று நானா சொல்லிவிட்டுப் பையை மூடினார். கணவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வெற்றி வழிந்தது.

புசல்லாவையில் கணவரின் அக்கா இருக்கிறார். தம்பிக்கு ஒரு கஷ்டம் என்றால் தாங்கமாட்டார். வாரா வாரம் போன் எடுத்து விசாரிப்பார். “எங்க லைன்ல கரண்ட் நல்லாருக்கு தம்பி. அந்த ஓவன இங்க கொண்டாந்து வச்சா ஒண்ணும் ஆகாது,” என்பார். அவருடைய மகள் அந்தச் சமயத்தில் யூடியூப் பார்த்து கேக் சுடப் பழகிக்கொண்டிருந்ததற்கும் இந்த அக்கறைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று நான் நம்ப வேண்டும்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு வாரம் எல்லாக் கேக்கையும் வியாழக்கிழமையே சுட்டு முடித்தேன். வெள்ளிக்கிழமை ஓவனைத் தொடவே இல்லை, பிளக் மட்டும் செருகி இருந்தது. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். ஹோலில் மணி அடித்தது, சாம்பிராணி மணந்தது, பிறகு ‘டக்’.

“உன் ஓவன்!”

“இங்க வாங்க,” என்று கூப்பிட்டு, அவர் கையைப் பிடித்து ஓவன் மேல் வைத்தேன். ஜில்லென்று இருந்தது.

“கரண்ட் போயிருச்சில்ல, அதான் ஆறிருச்சு,” என்றார்.

ஒபிசில் கணக்குப் பார்க்கிற மனிதர் இவர். “நான் இன்னைக்குப் போடவே இல்லைங்க,” என்றேன்.

“போடாட்டி என்ன, பிளக் செருகித்தானே இருக்கு. உள்ளுக்குள்ள கசியும். நானா சொன்னாரு.”

அடுத்த வாரம் பிளக்கையும் கழற்றி வைத்துப் பார்ப்போம் என்று கெஞ்சினேன். அவர் ஏற்கெனவே போனை எடுத்துவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை வேனோடு வந்து எடுத்துக்கொள்ளும்படி அக்காவுக்குச் சொல்லிவிட்டார். நான் அழுதேன். ஓவனுக்காக அழுதேனா, கேக் அக்கா என்ற பெயருக்காக அழுதேனா என்று கேட்டால், இரண்டுக்கும்தான். அந்த வாரம் முழுக்கப் பருப்பில் ஒரு நாள் உப்பு கூடும், ஒரு நாள் உப்பே இருக்காது. வேண்டுமென்றேதான் செய்தேன்.

வெள்ளிக்கிழமை அக்கா வந்துவிட்டார். ஒழுங்கைக்குள் வேன் ஏறாது என்பதால் டிரைவர் கீழே வீதியில் நின்றார். ஓவனின் வயரைச் சுருட்டி மேலே வைத்து, பெட்ஷீட் போர்த்தி, விறாந்தையில் தயாராக வைத்திருந்தோம். நான் அதன் பக்கத்திலேயே நின்றேன். அக்கா ஹோலில் செட்டியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மழைக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று அவசரப்பட்டார்.

“இரு அக்கா, பூஜைய முடிச்சிர்றேன். நல்லபடியா போகணும்ல,” என்றார் கணவர்.

அன்றைக்கு அவருக்குப் பக்தி பொங்கியது. பிடித்த பீடை ஓவனோடு ஒழிகிறது என்ற மகிழ்ச்சி வேறு. மாவிலையை ஓரமாக வைத்துவிட்டுக் கையாலேயே அள்ளித் தெளித்தார். அக்கா காலைத் தூக்கிக்கொண்டு, “டேய், சாரியெல்லாம் நனையிதுடா,” என்று கத்தினார். கணவர் செம்பில் மிச்சமிருந்ததை அப்படியே செட்டிக்குப் பின்னால் இருந்த மூலைக்கு வீசினார்.

‘டக்.’

“உன் ஓவ...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார்.

விறாந்தையில் போர்த்திக்கொண்டு நின்ற ஓவனை மூன்று பேரும் பார்த்தோம். அது எந்தப் பிளக்கிலும் இல்லை. நான் போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு நேராக அந்த மூலைக்குப் போனேன். பெயின்ட் அடித்து சாமான்களை இடம் மாற்றியபோது, டீவிக்கும் சாமிப் பட லைட்டுக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி வாங்கி அங்கே போட்டிருந்தோம். மல்லாந்து தரையில் கிடந்தது. அதன் ஓட்டை ஒவ்வொன்றிலும் மஞ்சள் தண்ணீர் நிரம்பி நின்றது. பக்கத்துச் சுவரிலும் பெட்டியின் மேலும் பழைய வெள்ளிக்கிழமைகள் மஞ்சள் மஞ்சளாகக் காய்ந்து கிடந்தன.

“தண்ணி எங்க படப் போகுதுன்னு நானாகிட்ட கேட்டீங்களே, இது என்னங்க?” என்றேன்.

அவர் டார்ச் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “இது மஞ்சத் தண்ணி,” என்றார்.

அவர் சமாளிப்பதற்காக அப்படிச் சொல்லவில்லை. உண்மையாகவே அதை அவர் தண்ணீர்க் கணக்கில் சேர்த்ததில்லை. யோசித்துப் பார்த்தால் நானும் சேர்த்ததில்லை. கூரையைப் பார்த்தேன், பைப்பைப் பார்த்தேன், குசினித் தரையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். சாமிக்கு முன்னால் கரைத்த தண்ணீர் கரண்டையும் நனைக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

“தெளிக்கிறதுன்னா தெளிக்கணும்டா. நீ என்ன வீட்டுக்குத் தலைக்கா ஊத்துற?” என்றார் அக்கா. அவருக்கு முகம் விழுந்துவிட்டது. ஓவனோடு வருகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு வந்திருப்பார். எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் ஓவனை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு இல்லை. “அந்தப் புள்ளய லீவுக்கு அனுப்பி வைங்க அண்ணி, நான் பழக்கி விடுறேன்,” என்றேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, “தூக்குடா உள்ள,” என்று தம்பியிடம் சொன்னார்.

எக்ஸ்டென்ஷன் பெட்டியின் பிளக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு சுவிட்சைத் தூக்கினோம். முதல் தடவையிலேயே நின்றது. ஓவனைக் குசினிக்குள் கொண்டுவந்து, பெட்ஷீட்டை உருவி, பிளக்கைச் செருகிக் குமிழைத் திருகினேன். உள்ளே அதன் லைட் எரிந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

கணவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து ஓவனுக்கு முன்னால் நின்றார். புத்தகத்தில் கால் பட்டால் செய்வது போல, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

“அதுக்குச் சரி. எனக்கு?” என்றேன்.

திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா குசினி வாசலில் நின்று தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். மனிதர் இன்னொரு தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டார், ஓவனைப் பார்த்தபடியே.