ரிவர்ஸ் பாயும் கரட்டூர் மேடும்

காரிமங்கலத்தில் லாரி ரிப்பேர் என்றால் உசேன் பாய்தான். அந்த நல்ல பேரைக் கெடுத்தது அவருடைய சொந்தக் கார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில் ஒரு பழைய பிளசர் காரை வாங்கினார். இஞ்சினைத் திறந்தால் உள்ளே பிஸ்டன்களே இல்லை. பழைய இரும்புக்கடையில் கிளறி, வேறு ஏதோ வண்டியின் பிஸ்டன்களைப் பிடித்துப் போட்டார். மேலே மூடும் சிலிண்டர் ஹெட் மூன்றாவதொரு வண்டியுடையது. ஸ்டார்ட் செய்ததும் பிஸ்டனின் மேட்டுத் தலை ஹெட்டில் போய் மடார் மடாரென்று முட்டியது. இரண்டுக்கும் நடுவே ஒரு கேஸ்கட் தகடு போட வேண்டிய இடத்தில் பாய் மூன்று போட்டார். முட்டல் நின்றது. கூடவே இழுவையும் நின்றது.

சமதரையில் ஓடும். மேடு என்றால் மூச்சை விட்டுவிடும். ரிவர்ஸ் கியர் மட்டும் பலமானது என்பதால் பின்பக்கமாக எப்படியோ ஏறித் தொலைத்தது.

முதல் வாடகை, கரட்டூர் பச்சியப்பன் மகள் சாலம்மாள் கல்யாணம். மாப்பிள்ளை சென்றாயனோடு மேட்டடிக்கு வந்த பாய், வண்டியைத் திருப்பி, கழுத்தை முறுக்கிக்கொண்டு ஏறத் தொடங்கினார். மேலே பெண்வீட்டு வாசலில் நின்றவர்களுக்கு வண்டியின் முதுகுதான் தெரிந்தது.

"மாப்ள கோவிச்சிக்கினு திரும்பிப் போறாருங்க!" என்று யாரோ அலற, பச்சியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துரத்தினார். துரத்தத் துரத்த வண்டி அவர்மேலேயே வந்தது. மனுசன் மிரண்டு வரப்பில் விழுந்தார்.

சாலம்மாளோ பின் கண்ணாடியில் பிதுங்கிய மாப்பிள்ளையின் முகத்தை மேடு முழுக்கப் பார்த்துச் சிரித்தாள். அதற்குமுன் அவள் அவனை நேராகப் பார்த்ததே இல்லை.

அன்று முதல் அவர் 'ரிவர்ஸ் பாய்'. ஒரு மெக்கானிக்குக்கு இதைவிட மானக்கேடு உண்டா? கரட்டூர் மேட்டை ஊர் பார்க்க ஒரே ஒரு தடவை முன்பக்கமாக ஏறிவிட வேண்டும். இதே வைராக்கியமாகக் கிடந்தார்.

"காருக்கு ஊத்தற எண்ணயவிட உங்க கழுத்துக்குத் தேய்க்கறதுதாங்க ஜாஸ்தி" என்பாள் மனைவி ரஹமத் பீவி.

எழுபத்தொன்றில் சேலத்தில் அதே மாடல் இஞ்சினின் பிஸ்டன்களும் ஹெட்டும் ஒருசேரக் கிடைத்தன. மாட்டினார். ஒரே கேஸ்கட். சின்ன மேடு ஒன்றில் விட்டுப் பார்த்தார். வண்டி நேராகப் பாய்ந்தது. அடுத்த வாரமே பச்சியப்பனின் இளைய மகள் பாஞ்சாலிக்குக் கல்யாணம். பாய் புதுச் சட்டை போட்டுக்கொண்டு மாப்பிள்ளையோடு வந்தார்.

மேட்டடியில் பச்சியப்பனே காத்திருந்தார். "பாய், இங்கியே திருப்பிக்குங்க."

"வேணாங்க! பிஸ்டனு, ஹெட்டு எல்லாம் மாத்தியாச்சு. இப்ப நேராவே ஏறுமுங்க!"

"நேரா வந்தா உங்க மூஞ்சிதான தெரியும்? அக்கா மட்டும் மாப்ளய ஏத்தம் பூரா பாத்தாளாம். தனக்கும் பாக்கணும்னு பாஞ்சாலி செவுத்துமேல ஏறி நிக்கறா பாருங்க."

பாய்க்கு அழுகையே வந்துவிட்டது. ஏழு வருசத் தவம்! மேலே பார்த்தார். சேலைத் தலைப்பைப் பிடித்தபடி ஒரு பெண் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்ள, கண்ணாடிகிட்ட மூஞ்சியக் காட்டி உக்காருங்க!" என்று எரிந்து விழுந்துவிட்டு, நல்ல இஞ்சினை ரிவர்ஸில் போட்டார்.