மணிக்கட்டோடு நிறுத்தியிருந்தால்

நரம்புகளைத் துல்லியமாகக் காட்டும் புதிய புரோப் கருவி எங்கள் ஸ்கான் அறைக்கு வந்த மாதம் நான் சும்மா இருக்கவில்லை. என் கையை ஸ்கான் பண்ணினேன். தாதியின் கையைப் பண்ணினேன். எழுதப் பேனை கேட்டு எட்டிப் பார்த்த எழுதுவினைஞரையும் விடவில்லை. என்னைக் கண்டால் ஆட்கள் கையை ஒளித்துக்கொண்டு போவதாகக் கேலி பேசினார்கள்.

அந்த மாதம்தான் கிண்ணியாவிலிருந்து ஒரு மீனவர் மனைவியோடு வந்தார். அவருடைய வலது கை மணிக்கட்டில் சோர்ந்து தொங்கியது. இடது கையால் அதைத் தூக்கித்தான் எனக்கு ஸலாம் சொன்னார். தொட்டால் உணர்ச்சி இருந்தது. பலம் மட்டும் ஒரு வருடமாக வடிந்துகொண்டிருந்தது. உடம்பு முழுவதையும் முடக்கி ஆளையே கொண்டுபோகும், மருந்தில்லாத நோயாக இருக்கலாம் என்று வேறொரு டொக்டர் சொல்லியிருந்தார். இவரோ கைத்தூண்டிலால் பிழைப்பவர். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு தோணியைத் தம்பிக்குக் கொடுத்துவிடப் போகிறார் என்று மனைவி சொன்னார்.

படிவத்தில் மணிக்கட்டையும் முழங்கையையும் பார்க்கும்படி எழுதியிருந்தது. நரம்பு நசியும் வழக்கமான இடங்கள் அவை. இரண்டிலும் நரம்பு திரையில் சின்னத் தேன்கூடு மாதிரி ஒழுங்காக இருந்தது. எனக்கு மனம் விட்டுப்போயிற்று. நசிவு இல்லையென்றால் அந்தப் பெரிய நோய்தான் மிச்சம் என்று நினைத்து, ஜெல்லைத் துடைக்கக் கடதாசி எடுத்தேன்.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"டொக்டர், நான் தூண்டில் தங்கூசி நூல இந்த முனையில இருந்து அந்த முனை மட்டும் விரலால உருவித்தான் பாப்பன். பழுது நடுவுலதான் இருக்கும். நீங்க மேல பாக்கல்லயே?"

என் வேலையை எனக்கே சொல்லித் தருகிறாரே என்று சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே புரோபை முழங்கையிலிருந்து மேலே நகர்த்தினேன். புயத்தின் நடுவில் நரம்பு திடீரென்று கறுத்துப் பருத்தது. பிறகு மெலிந்து, அக்குளுக்குக் கிட்ட மறுபடி பருத்தது. நன்றாக இயங்கிய இடது கையிலும் ஓரிடத்தில் அப்படியே. அந்தப் பெரிய நோயில் நரம்பு இப்படி இடையிடையே வீங்குவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கும் இன்னொரு நோய் உண்டு. அதற்கு மருந்து இருக்கிறது.

நரம்பு நிபுணர் பார்க்குமுன் நோயாளிக்கு ஒன்றும் சொல்வதில்லை என்பது எங்கள் வழக்கம். வாயை இறுக்கி மூடிக்கொண்டு வீக்கங்களை அளந்தேன். ஆனால் என் முகத்தைப் பார்த்து மனைவி கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"தோணியை வெள்ளிக்கிழமை குடுக்காதீங்கோ. கொஞ்சம் பொறுங்கோ."

அறிக்கை டைப்பாகும் வரை காத்திருக்காமல் படங்களோடு நானே நிபுணரிடம் ஓடினேன். நரம்பில் மின்சாரம் செலுத்திப் பார்த்த பரிசோதனையும் அதையே சொன்னது. மருந்து ஏற்றத் தொடங்கினார்கள்.

சில மாதங்கள் கழித்து அவர் ஸ்கான் அறை வாசலில் வந்து நின்றார். வலது கை, துணையில்லாமல், நெஞ்சுவரை உயர்ந்து ஸலாம் சொன்னது. பெருவிரல் இன்னும் முழுதாகச் சரிவரவில்லை. இடது கையிலிருந்த பையில் ஒரு பாரை மீன், தானே பிடித்ததாம். என் கண் கலங்கியது. நான் மறைக்கவும் இல்லை.

"தம்பிக்குத்தான் உங்களோட கோவம்," என்றார்.