எல்லாருக்கும் ஒரே கூடை

நியூ ஜெர்சி அலுவலகத்தில் நான் முதலில் திகைத்தது காகிதக் கோப்பைகளைப் பார்த்துத்தான். ஒருமுறை காப்பி குடித்தால் குப்பைக்கு; அரைமணியில் அதே ஆள் இன்னொன்றை உருவுவான். நெல்லை ஜங்ஷன் டீக்கடையில் ஒரே கண்ணாடித் தம்ளரில் ஊரே குடித்தது. நடுவில் தண்ணீரில் ஒரு முக்கு, அவ்வளவுதான் சுத்தம். ஊரில் இதைப் படிக்கிறவர்கள் சிரிக்க வேண்டாம். இவ்வளவு சுத்தக்காரர்கள் நிரல் எழுதும்போது மட்டும் நம் டீக்கடைக்காரர் ஆகிவிடுவார்கள் என்று எனக்கும் தெரியாது.

தொண்ணூறுகளின் கடைசி. இணையத்தில் பூ விற்கும் ஒரு கம்பெனிக்கு என்னை ஒப்பந்தத்தில் அனுப்பியிருந்தார்கள். அங்கே தலைமை வடிவமைப்பாளர் கிரெக். வாடிக்கையாளர் வாங்கும் பூக்களைச் சேர்த்துவைக்கும் ‘கூடை’ என்ற ஆப்ஜெக்டை, அதாவது நிரலுக்குள் இருக்கும் பொருளை, சர்வர் கிளம்பும்போது ஒரேயொரு முறை உருவாக்கி, வருகிற எல்லாருக்கும் அதையே நீட்டியிருந்தார். வேகமாம். ஆளுக்கொரு கூடை செய்து, வேலை முடிந்ததும் அழிக்க வேண்டாமா? கூட்டத்தில் கையைத் தூக்கி, “ஐ ஹேவ் எ டவுட்” என்றேன். நான் படித்த பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் அதற்கு, கேட்க ஒரு கேள்வி இருக்கிறது என்று பொருள். கிரெக் என் தோளைத் தட்டி, “உன்னை நீயே சந்தேகிக்காதே, நன்றாகத்தான் செய்கிறாய்” என்று தைரியம் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

ஒவ்வொருவராக உட்கார்ந்து சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. கடை திறந்ததும் கூட்டம் வந்தது. தாயின் இறுதிச் சடங்குக்கு வெள்ளை லில்லி வாங்கிய ஒரு பெண்ணுக்கு, அதே நேரத்தில் எவனோ காதலிக்கு எடுத்த சிவப்பு ரோஜாக்களும் சேர்ந்து போய் இறங்கின. ‘இன்றிரவுக்காகக் காத்திருக்கிறேன்’ என்ற அட்டையோடு.

ஒப்பந்த ஆட்கள் எழுதியதை முதலில் பாருங்கள் என்று கிரெக் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். வேலை போனால் விசாவும் போகும். பக்கத்து மேசை செல்வின் திசையன்விளைக்காரன், குரலைத் தாழ்த்தினான்.

“ஏலே, ஒன் தலையிலதான் கட்டப் பாக்குதான். வாயத் தொற.”

“தொறந்தேன்லா. தைரியம் சொல்லிட்டுப் போயிட்டான்.”

“இந்த மட்டம் டவுட்டுன்னு சொல்லாத. தப்புன்னு சொல்லு.”

கிரெக்கைக் கூப்பிட்டு இரண்டு கணினிகளின் முன்னால் உட்காரவைத்தேன். ஒன்றில் ரோஜாவைச் சேர்த்தேன். மற்றதிலும் அது வந்து நின்றது. “இது தப்பு” என்றேன். அவர் காது சிவந்தது. பிறகு நானும் செல்வினும் எல்லாவற்றையும் மாற்றி எழுதினோம். நிரலின் எந்தப் பகுதியும் கூடையைத் தானே செய்துகொள்ளக் கூடாது; வாசலில் ஒரு பகுதி ஆளுக்கொரு கூடையை உண்டாக்கி, வேண்டிய இடத்துக்குக் கொடுக்கும்; ஆள் போனதும் அதுவே அழிக்கும். யாரும் திருத்தாத விலைப்பட்டியல் மட்டும் எல்லாருக்கும் பொது.

கடை நிமிர்ந்தது. ‘நமது புதிய வடிவமைப்பு’ என்று மேலிடத்தில் படம் போட்டுக் காட்டி கிரெக் பதவி உயர்வு வாங்கினார். எனக்கு ஒரு கேக் வெட்டி, நன்றி சொல்லி, ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள். வேண்டிய இடத்துக்குக் கொடுப்பதையும் வேலை முடிந்ததும் அழிப்பதையும் என்னிடமே கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஒப்பந்தம் வரும்வரை தச்சநல்லூர் வீட்டில் இருக்கலாம் என்று வந்தேன். பலசரக்குக் கடை அண்ணாச்சி, “எப்ப வே ஊருக்குப் போறீரு?” என்று கேட்டார். அவர் சொன்ன ஊர் அமெரிக்கா. வீட்டில் என் பெட்டியின் கைப்பிடியில் விமான நிலையத்தில் ஒட்டிய பட்டை தொங்கியது. கிழிக்கப் போனேன். அம்மா தடுத்தாள்.

“அதப் பிய்க்காத. திரும்பப் போகும்போது வேணும்லா.”

அது இங்கே வருவதற்கு மட்டும்தான் செல்லும்; ஆனாலும் கையை எடுத்தேன். பாதித் துணிகளை அலமாரியில் அடுக்கினேன். மீதியைப் பெட்டியிலேயே விட்டு, பட்டையோடு கட்டிலுக்கடியில் தள்ளினேன்.