எங்கள் வார்டு கவுன்சிலர்

சிட்னியின் கிரவீன் பகுதியில் இன்று கவுன்சில் தேர்தல். பள்ளி வாசலில் ஓட்டுப்போட நீண்ட வரிசை. பக்கத்தில், இங்கத்திய தேர்தல் நாள் வழக்கப்படி, சாசேஜ் இறைச்சி வாட்டும் புகை மணக்கிறது. அக்கா வரிசையில் நிற்க, கோவையிலிருந்து வந்திருக்கும் நான் வெளியே வேடிக்கை பார்க்கிறேன். ஒரு பெண் என்னிடம் துண்டுப் பிரசுரத்தை நீட்டுகிறாள். பெயர் அபிஷா, வயது பதினேழு, பேச்சு யாழ்ப்பாணத் தமிழ்.

"உனக்கே இன்னும் ஓட்டு இல்லையேம்மா?" என்கிறேன்.

"இல்லை அன்ரி. எங்கட ஸ்கூலுக்கு முன்னால ரோட்டைக் கடக்க குறொசிங் வேணும் எண்டு எல்லா கேண்டிடேட்டுக்கும் ஈமெயில் போட்டனான். இவ ஒராள்தான் நேர வந்து பார்த்தவ."

பிரசுரத்தில் சிரிக்கும் பெண்ணைத் தொட்டுக் காட்டுகிறாள். பிறகு ஆர்வமாகக் கேட்கிறாள்: "உங்கட ஏரியா கவுன்சிலர் ஆர் அன்ரி?"

யோசிக்கிறேன். போன முறை வெயிலில் நின்று ஓட்டுப் போட்டது நன்றாக நினைவிருக்கிறது. பெயர்தான் வரவில்லை.

"சின்னம் தெரியும்," என்கிறேன்.

"சின்னமோ? அது ஏன்?"

எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக வைத்தது என்று சொல்ல வாயெடுக்கிறேன். கல்லூரியில் பாடம் நடத்தும் நான், பாதியில் நிறுத்திவிட்டுப் பிரசுரத்தில் இருக்கும் பெயரைப் படிக்கிறேன்.