சன்னாசி பட்டறையின் ஆல்ரெடி

"ஆல்ரெடியைத் தப்பாக ஒரு தடவை எழுதினேன் என்றால், இந்தக் கையை வெட்டிக் கிந்தா ஆற்றில் போடுகிறேன்!"

மலேசியாவின் ஈப்போ நகரில், நல்ல ஆங்கிலம் பற்றிய ஒரு சொற்பொழிவில், நாற்பது நாற்காலிகளுக்கும் பதினொரு மனிதர்களுக்கும் முன்னால் இப்படி முழங்கியவர் துரைசிங்கம், ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா. அன்று அவர் அந்தச் சொல்லின் ஜாதகத்தையே கணித்தார். ‘ஆல்’, ‘ரெடி’ என்ற இரண்டும் பல நூற்றாண்டுகளுக்கு முன் ஒட்டிக்கொண்டன. முதலில் ‘முழுத் தயார்’ என்று பொருள். பிற்பாடு ‘அதற்குள்ளாகவே’ என்றாயிற்று. அதை வாக்கியத்தின் வாலில் தொங்கவிட்டு ‘ஈட் ஆல்ரெடி’ என்பது மலேசியக் குற்றம். தீர்ப்பு முடிந்தது, தின்பதற்குக் கறிபாப் வந்தது.

தீர்ப்பை நிறைவேற்றவும் அவரே புறப்பட்டார். புந்தோங் சாலை முனையில் சன்னாசியின் மோட்டார் பட்டறைப் பலகை நின்றது: ‘ஒர்க்‌ஷாப் ஓபன் ஆல்ரெடி’. பட்டறையோ சந்துக்குள்ளே, சாலையிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. துரைசிங்கம் வெள்ளைச் சாயத்தால் ‘ஆல்ரெடி’ என்ற வாலை மட்டும் அழித்தார். ஆங்கிலம் நிம்மதியாக மூச்சுவிட்டதாக அவருக்குத் தோன்றியது.

பத்து நாள் கழித்து, தம் மோட்டார் சைக்கிள் இருமத் தொடங்கியதும், அதைத் தள்ளிக்கொண்டு சந்துக்குள் போனார். சன்னாசி வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

"என்ன சன்னாசி, ஒருத்தரையும் காணேல்லை?"

"யாரும் வரல சார். கால் ஒடிஞ்சி அஞ்சு மாசம் மூடிக் கெடந்தேன். தொறந்த வாரம் நல்ல கூட்டம், அப்புறம் சுத்தமா நின்னுபோச்சு. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். இல்லாட்டி பாகான் டத்தோவுல தென்னந்தோப்புக் காவலுக்குப் போயிடுவேன்."

அப்போது பஞ்சரான மோட்டாரைத் தள்ளிக்கொண்டு சரளா என்ற பெண் வந்தாள்.

"அட, அண்ணே! தொறந்துதான் இருக்கா? டயர் போச்சேன்னு சும்மா எட்டிப் பாத்தேன்லா."

"போர்டு பாக்கலியா?"

"ஓபன்னு நீங்க மூடிக் கெடந்தப்பவும்தான் போட்டிருந்திச்சி! அத நம்பி ரெண்டு தடவ வந்து பூட்டப் பாத்துட்டுப் போனேன். ஆல்ரெடின்னு எழுதுனப்பதான் சரி, அண்ணன் வந்துட்டாருன்னு ஊரே நம்பிச்சி. அதையும் அழிச்சிட்டீங்க. மறுபடி மூடியாச்சுன்னு நெனச்சிட்டோம்."

"நான் எங்கம்மா அழிச்சேன்? ஒண்ணு முடிஞ்சிட்டா மலாய்க்காரன் ‘சுடா’ம்பான், சீனன் ‘லியாவ்’ம்பான், நாம ‘தொறந்தாச்சு’ம்போம். அந்த ‘ஆச்சு’க்குத்தான் அத எழுதி வச்சேன். எந்தப் புண்ணியவான் அழிச்சானோ!"

புண்ணியவான் தொண்டையைச் செருமினார். முப்பது வருட அரசாங்கக் கோப்புகளில் எங்குமே அவருக்கு இப்படி வியர்த்ததில்லை.

"சன்னாசி, கறுப்புச் சாயம் கிடக்கோ?"

"மூலையில இருக்கு சார். எதுக்கு?"

துரைசிங்கம் டப்பாவும் தூரிகையுமாகச் சாலை முனைக்கு நடந்தார். நட்டநடுப் பகல், வெயிலும் லாரிகளும் பார்த்துக்கொண்டிருந்தன. ‘ஓபன்’ என்பதை விட ஒரு சாண் பெரிதாக, குமாஸ்தாக்களுக்கே உரிய அழகிய கையெழுத்தில், ஓர் எழுத்தும் சாயாமல் ‘ஆல்ரெடி’ என்று எழுதினார். கடைசி எழுத்து காய்வதற்குள் மூன்று மோட்டார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு சந்துக்குள் திரும்பின.

அவர் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.