ஊதா வெளிச்ச அறை

அந்தத் தெருவில் அவளைக் ‘கத்திரி’ என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே கத்திரியக்கா. பெண்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருந்தாள். கை எவ்வளவு வேகமோ, வாய் அதைவிட வேகம். நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருப்பதற்குள் அவள் வீட்டு வம்பெல்லாம் இவளிடம் வந்து சேர்ந்திருக்கும். ஆனால் ஒரு சொல் கடை வாசலைத் தாண்டாது. கூட்டம் குறையாததற்கு அதுதான் காரணம்.

மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனதும் வீட்டில் ஓர் அறை காலியானது. கொஞ்ச நாள் அந்தக் கதவைத் திறக்கவே அவளுக்கு மனம் வரவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு வாடிக்கைக்காரி ஆர்க்கிட் செடி ஒன்றைக் கொடுத்தாள். வெயில் எட்டிப் பார்க்காத வீடு. எதிர்க்கட்டடம் ஜன்னலை அடைத்தாற்போல நின்றது. செடி தலை தொங்கியது. கத்திரி செடி வளர்க்கும் விளக்கு ஒன்றை வாங்கி மகளின் அறையில் மாட்டினாள். செடி பிழைத்தது, பூவும் விட்டது. அவ்வளவுதான், பைத்தியம் பிடித்துக்கொண்டது. மகளின் கட்டில் இருந்த இடத்துக்கு இரும்புத் தட்டுகள் வந்தன. விளக்குமேல் விளக்காகச் சேர்ந்தது. சாயங்காலமானால் அந்த ஜன்னல் மட்டும் ஊதாவாக எரியும்.

“என்னக்கா, உள்ள பேய் ஏதாச்சும் வளக்குறியா?” என்று கேட்பார்கள்.

“ஆமா. கொஞ்சம் பெருசானதும் உன் வீட்டுக்கு அனுப்புறேன்” என்பாள்.

சுவரில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி, அந்தப் பெட்டியில் இன்னொரு பெட்டி. விளக்குகளும் ஃபேனும் டைமரும் அதில்தான் தொங்கின. விளக்குகளில் ஒன்று, யாரோ வேண்டாமென்று கொடுத்த பழைய மாடல். அதன் பக்கம் கையைக் கொண்டுபோனாலே சுடும். செடிக்கு அந்தச் சூடு பிடித்திருக்கிறது என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள்.

கணவர் வேன் ஓட்டுபவர். அளந்து பேசுகிறவர். ஒருநாள் அறையைப் பெருக்கும்போது தரையில் கிடந்த பெட்டியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார்.

“இங்க பாரு, ஓட்டையச் சுத்திப் பழுப்பா இருக்கு. கருகியிருக்கு.”

“அது எப்பவும் அப்படித்தாங்க இருக்கு. கறை.”

“எலக்ட்ரிஷியனக் கூப்பிடணும்” என்றார். கூப்பிடவில்லை. அவளும் நினைவுபடுத்தவில்லை.

மழைக்காலத்தில் மகளிடமிருந்து அழைப்பு வந்தது. பிரசவ நாள் நெருங்கிவிட்டது, டாக்டர் தயாராக இருக்கச் சொல்லியிருக்கிறார். கத்திரி கடையைப் பூட்டினாள், பையைக் கட்டினாள். கிளம்பும்போது கணவர் அந்த அறை வாசலில் நின்றார்.

“எல்லாத்தையும் அணைச்சிட்டு வா.”

“நாம வர்றதுக்குள்ள எல்லாம் செத்துப்போயிடும். டைமர் இருக்கு, தானா எரியும், தானா அணையும். தண்ணி ஊத்த உங்க தங்கச்சி இருக்கா.”

அவர் ஒரு கணம் விளக்குகளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். இருவரும் இறங்கிப் போனார்கள்.

நாத்தனார் கீழ்வீட்டில் தனியாக இருந்தாள். பிஸ்கட் ஃபாக்டரியில் காலை ஷிஃப்ட். மத்தியானம் வந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். அவள் கை தாராளம். தட்டு நிரம்பி வழிந்து, நூல் பிடித்தாற்போல் தரைக்குச் சொட்டியது. அதை அவள் கவனிக்கவில்லை. அவள் கவனித்தது வேறு: ஊரே ஈரமாகக் கிடக்க, அந்த அறை மட்டும் கதகதப்பாக இருந்தது.

மறுநாள் போன் செய்தாள்.

“அண்ணி, உங்க செடி ரூம்ல ஒரு வாசனை வருது. மீன் கவுச்சி மாதிரி.”

கத்திரி அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தாள். உள்ளே மகளுக்கு வலி எடுத்திருந்தது. கவனமெல்லாம் அந்தக் கதவிலேயே இருந்தது.

“மீன் உரம் போட்டிருக்கேன்மா. அதுதான். ஜன்னலத் திறந்து வை.”

“துணி ஒண்ணும் காய மாட்டேங்குது அண்ணி. போர்வைய அங்க போட்டுக்கவா?”

“போட்டுக்கோயேன்” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

சாயங்காலம் பேரன் பிறந்தான். அவனைக் கையில் வாங்கி முகத்தை முழுசாகக் கூடப் பார்க்கவில்லை, கணவரின் போன் அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர். கணவர் கேட்டுக்கொண்டே சுவரோடு சாய்ந்தார். கத்திரி அவர் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையைச் சம்பந்தியம்மாவிடம் கொடுத்தாள்.

நடந்தது இதுதான். ஈரப் போர்வையை அந்தப் பழைய விளக்குக்கு மேலே தட்டில் விரித்துப் போட்டிருக்கிறாள் நாத்தனார். சாரல் அடிக்கும் என்று ஜன்னலைத் திறக்கவில்லை. ஊதா வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று கதவையும் இழுத்துச் சாத்திவிட்டுக் கீழே போய்ப் படுத்திருக்கிறாள். எழுந்து போர்வையை எடுக்க மேலே வந்தபோது, கதவின் அடியிலிருந்து புகை கசிந்திருக்கிறது. கதவைத் தொடாமல் கீழே ஓடியிருக்கலாம். அண்ணியின் செடியாயிற்றே என்று கதவைத் திறந்தாள். உள்ளே மூச்சு முட்டிக் கிடந்த நெருப்பு காற்றைக் கண்டதும் வெளியே பாய்ந்தது.

அவள் அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து அவளை வெளியே இழுத்துப்போட்டு, கதவை மறுபடி சாத்தியதால்தான் கட்டடம் தப்பியது. நாத்தனாரின் வலது கை தோள்வரைக்கும் வெந்துபோயிருந்தது.

இரவெல்லாம் பஸ்ஸில் வந்து, விடிந்ததும் அந்த அறையைப் பார்த்தார்கள். சுவரெல்லாம் கரி. இரும்புத் தட்டுகள் வளைந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. தீயணைப்புக்காரர் ஒருவர் தரையிலிருந்து உருகிய கட்டி ஒன்றைச் சுரண்டி எடுத்தார். எக்ஸ்டென்ஷன் பெட்டிகள் இரண்டும் ஒன்றாகிப் போயிருந்தன.

“ஏதாச்சும் வாசனை வந்துச்சாம்மா? மீன் கவுச்சி மாதிரி?”

கத்திரி தலையாட்டினாள்.

“பிளாஸ்டிக் சூடேறினா அந்த வாசனைதான் வரும்” என்றார் அவர். “போர்வையில பிடிச்சுதா, பெட்டியில பிடிச்சுதான்னு இப்ப சொல்ல முடியாது. ரெண்டுல எது இருந்தாலும் போதும். இங்க ரெண்டும் இருந்திருக்கு.”

ஆஸ்பத்திரியில் நாத்தனார் கட்டுப்போட்ட கையோடு அழுதாள்.

“நான்தான் அண்ணி போர்வையப் போட்டேன்.”

“நீ கேட்டுட்டுத்தான போட்ட. வாசனை வருதுன்னும் சொன்ன. நான் காதுல வாங்கல.” கத்திரி அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். “இனிமே நீ இதப்பத்தி அழக்கூடாது. அழுறதுக்கு நான் இருக்கேன்.”

காயம் ஆறியது. ஆனால் அந்தக் கை தோளுக்கு மேல் எழவில்லை. ஃபாக்டரி வேலை போயிற்று. இப்போது நாத்தனார் கத்திரியின் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். போனை எடுப்பாள், வருகிறவர்களோடு பேசுவாள். பேச்சு முழுக்க அவளிடம் போய்விட்டது. கத்திரி சும்மா வெட்டிக்கொண்டிருப்பாள்.

கடையை மூடும்போது கணவர் வந்து ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் போடுவார். அவர் முடிக்கிறவரை இரண்டு பெண்களும் வாசலில் நிற்பார்கள். ஒருவரும் அவசரப்படுத்துவதில்லை.

பேரனைத் தூக்கிக்கொண்டு மகள் முதல்முறை வந்தபோது அந்த அறைக்குப் புது வெள்ளை அடித்திருந்தது. “என் ரூம்லயே படுத்துக்குறேம்மா” என்றாள் மகள்.

“வேண்டாம்” என்றாள் கத்திரி. பிள்ளையை வாங்கிக்கொண்டு ஹாலில் பாயை விரித்தாள்.