ஊரறியத் திரும்பிய கடன்

கொடுத்த பணத்தைக் கேட்டால் உறவு கெடும், கேட்காவிட்டால் குறுவை கெடும் என்ற நிலைமையில்தான் அப்பா எனக்குக் காது குத்த நாள் பார்த்தார். அப்போது நான் ஒன்றாம் வகுப்பு.

பட்டுக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை. வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷங்களுக்கென்று போர் மோட்டார் வாங்க அப்பா ஐம்பதாயிரம் சேர்த்து வைத்திருந்தார். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பழைய லோடு வண்டி ஒன்று வாங்கவேண்டும், மூன்றே மாதத்தில் தந்துவிடுகிறேன் என்று அந்தப் பணத்தை வாங்கிப் போனார். மச்சினனிடம் எழுதி வாங்கினால் ஊர் சிரிக்கும் என்று அப்பா துண்டுச் சீட்டுகூடக் கேட்கவில்லை.

இரண்டு குறுவை போயிற்று. அப்பா போன் செய்தால் மாமா எல்லோரையும் நலம் விசாரிப்பார், எங்கள் மாட்டைக்கூட விடமாட்டார். பணப் பேச்சு வந்தால் மட்டும் சிக்னல் போய்விடும். அம்மாவோ, தம்பி ஏமாற்றுகிறவன் இல்லை என்று அடுப்பைப் பார்த்தே சொல்வாள்.

"தாய்மாமன் மடியிலதான புள்ளைய உக்கார வைக்கணும்? சபைக்கு வெறுங்கையோட வந்துடுவானா?" என்றார் அப்பா. அன்றைக்குத்தான் அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

மாமா வேட்டுச் சத்தத்தோடு வந்தார். தட்டு வரிசை, எனக்குப் பட்டுப்பாவாடை. அவர் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டு நான் ஊரைக் கூட்டினேன். என்னை இறக்கிவிட்டு மாமா நேராக மொய் எழுதும் மேசைக்குப் போனார். "தாய்மாமன் மொய், ஐம்பதாயிரம்" என்று மைக்கில் சொன்னதும் பந்தலே திரும்பிப் பார்த்தது. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஊரறியக் குடுத்துட்டேன் மச்சான்" என்று மாமா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையிலேயே மஞ்சள் தடவிய ஒரு பத்திரிகையையும் வைத்தார். அடுத்த மாதம் அவருடைய புதுவீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்களாம்.

எங்கள் பக்கம் மொய் நோட்டில் ஏறிய பணத்தை, வைத்தவர் வீட்டு விசேஷத்தில் கொஞ்சம் கூட்டியே திருப்பி வைக்க வேண்டும். அப்பா கொடுத்ததற்குச் சாட்சி இல்லை, மாமா கொடுத்ததற்கு ஊரே சாட்சி. மாமா கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். கெட்டிக்காரர்.

இதெல்லாம் அன்று எனக்கு என்ன தெரியும்? பத்திரிகையை மடித்துப் பையில் வைத்துவிட்டு அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. என் காதுக்காக இப்படி உருகும் அப்பா வேறு யாருக்குக் கிடைப்பார் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அழுகையை விழுங்கிக்கொண்டு அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

"வலிக்கவே இல்லப்பா" என்றேன்.